நாலாயிரம் பேருக்கும் ஒரே நடை

தஹ்மீனாவை, அவள் பாவாடை சட்டையோடு பிரஸ்ஸுக்குள் ஓடித் திரிந்த காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். அலி அக்பர் பாயின் மகள். சிவகாசியில் பாய்க்கு ஒரு ஆப்செட் பிரஸ் இருந்தது. பட்டாசு டப்பாவில் ஒட்டுகிற லேபிள்தான் முக்கால்வாசி வேலை, மிச்சம் காலண்டர். நான் அங்கே லோடுமேன். பேப்பர் பண்டலை இறக்குவேன், அடித்த சரக்கை ஏற்றுவேன். யாரோடும் அதிகம் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. பேசினால் சண்டையில்தான் முடியும். என்னிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பிப் போவது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

விருதுநகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவளைச் சேர்த்தார் பாய். மகள் லேபிள் டிசைன் படிக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவள் படித்தது படத்தை அசையவைக்கிற படிப்பு. இது தெரியாமல் பாய் நல்ல விலையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, மாடி அறையில் வைத்து, அதற்கு ஏசியும் போட்டுக் கொடுத்தார். எங்களுக்குக் கீழே ஒரு காற்றாடி, அதுவும் சுற்றுகிறதா என்று நின்று பார்த்தால்தான் தெரியும்.

லேபிள் வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. கிளி, குழந்தை, ராக்கெட், சிங்கம். ஒரு நாள் பேப்பர் கட்டோடு மாடிக்குப் போனேன். திரையில் இருந்த லேபிள் சிங்கம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தது. கட்டைக் கீழே போட்டுவிட்டேன்.

"என்ன பாப்பா இது?"

"சும்மாண்ணே. பொழுது போகாம இருந்துச்சு. வாலையும் ஆட்டும், பாக்கீகளா?"

ஆட்டியது. நான் சிரிக்கிற ஆள் இல்லை. அன்றைக்குச் சிரித்தேன்.

அந்தச் சிங்கத்தால்தான் எல்லாம் ஆரம்பித்தது. டிவிக்குச் சரித்திரப் படம் எடுக்கிற சொர்ணலட்சுமி என்கிற அம்மா சென்னையிலிருந்து சாத்தூர்ப் பக்கம் ஒரு மண்கோட்டை மேட்டைப் படம் பிடிக்க வந்திருந்தார். அவசரமாக ஒரு வரைபடம் அச்சடிக்க எங்கள் பிரஸ்ஸுக்கு வந்தவர், சிங்கம் வாலாட்டுவதைப் பார்த்துவிட்டு, வரைபடத்தை மறந்தே போனார். கதை பாளையக்காரர் கதை. கோட்டைக்காக மேட்டில் படம் பிடித்தாயிற்று, ஆனால் மேட்டில் சண்டை நடக்கவில்லையே? வெள்ளைக்காரப் படை வந்து கோட்டையை முற்றுகை போட்டதை யார் காட்டுவது? அதைக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டும்.

"மூணு நிமிஷம் பண்ணிக் குடு. நல்லா இருந்தா பன்னிரண்டு பாகமும் உனக்குத்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தஹ்மீனா அன்றைக்கு மாடிப்படி முழுக்க ஓடினாள், ஏறவும் ஓட்டம், இறங்கவும் ஓட்டம். ஒரு காலில் நீலச் செருப்பு, மறு காலில் பச்சை. அது அவள் வழக்கம். எது கைக்கு வருகிறதோ அது காலுக்குப் போகும்.

பாய் ஓடவில்லை. அது 2006, ஆனி மாதம். தீபாவளி லேபிள் ஆர்டர் வந்து குவிகிற நேரம். நல்ல கம்ப்யூட்டர் ஒன்றுதான் இருந்தது. அதில் சண்டை ஓடினால் லேபிள் ஓடாது.

"இங்க பாரு," என்றார். "ஆடிக் கடைசி வெள்ளி வரைக்கும் மிஷின் ஒனக்கு. அதுக்குள்ள அந்தம்மா சரினு சொல்லட்டும், அப்புறம் நான் வாயைத் திறக்கல. சொல்லலையா, நீயும் மிஷினும் லேபிளுக்கு வந்துரணும். டிவி, ராஜா, கோட்டைனு பேச்சே இருக்கக் கூடாது. சரியா?"

"சரி அத்தா," என்றாள். அவளுக்கு வேறு என்ன காதில் விழுந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மிஷின் ஒனக்கு என்பது மட்டும்தான்.

இந்த வேலையை எனக்கு அவள் சொல்லிப் புரியவைத்தாள். திரையில் ஒரு ஆளை நடக்கவைக்க வேண்டுமென்றால், அவனுக்குள் எலும்புக்கூடு மாதிரி கோடு போட்டு, காலையும் கையையும் இடுப்பையும் படத்துக்குப் படம் நகர்த்தி வைக்க வேண்டும். ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படம். ஒருத்தன் நடந்துவிட்டால் போதும், அவனையே நகல் எடுத்துப் பெரிய படையாக்கிவிடலாம். பாய் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். "பிளேட்டு ஒண்ணு, அடிக்கிறது எத்தனை ஆயிரமும். நம்ம தொழில்தான்," என்றார்.

அந்தப் பிளேட்டு நான்தான்.

கல்யாண வீடியோ எடுக்கிற ஒருத்தரிடம் கேமரா வாங்கி வந்து என்னை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு நடங்க."

"எதுக்கு?"

"நீங்க வெள்ளைக்காரச் சிப்பாய்."

"நான் கறுப்பால்ல இருக்கேன்."

"கலரை நான் பாத்துக்கிடுதேன். நீங்க நடங்க."

நடந்தேன். திரும்பி நடந்தேன். தோளில் ஒரு மூங்கில் கம்பைத் துப்பாக்கியாகக் கொடுத்து மறுபடியும் நடக்கவிட்டாள். வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்து மாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு அவள் அந்தக் கேமராப் படத்தை ஒரு ஓரத்தில் ஓடவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்து எலும்புக்கூட்டை நகர்த்தினாள். சோறு அங்கேயே, தூக்கமும் அங்கேயே. அவள் அம்மா சம்சாத் தட்டோடு வந்து ஊட்டிவிட்டுப் போவார். அவள் மென்றுகொண்டே ஒரு சிப்பாயின் முட்டியை மடக்குவாள்.

ஆடி பிறந்து ஒரு வாரத்தில் படை தயார். நாலாயிரம் பேர். பிரஸ் மொத்தமும் மாடி அறைக்குள் ஏறி, ஏசி போதாமல் வியர்த்துக்கொண்டு பார்த்தது. புழுதி கிளம்புகிறது, கொடி ஆடுகிறது, கரிசல் காட்டில் வரிசை வரிசையாகப் படை வருகிறது. எனக்கு மயிர் சிலிர்த்தது. மிஷின்மேன் காளிராஜ், "ஏலே, என்ன கம்பீரம் பாத்தியா," என்று தொடையில் தட்டினான், என் தொடையில். பாய் மூக்கை உறிஞ்சினார். சளி என்றார்.

சிடியில் பதிந்து, சென்னை பஸ்ஸில் கொடுத்து அனுப்பினோம். ரெண்டு நாள் கழித்து போன் வந்தது. தஹ்மீனா ஸ்பீக்கரில் போட்டாள்.

"கோட்டை அருமை. புழுதி அருமை," என்றார் சொர்ணலட்சுமி. "ஆனா ஏம்மா, எல்லாருக்கும் கழுத்துல சுளுக்கா?"

"யாருக்கு மேடம்?"

"படைக்குத்தான். நாலாயிரம் பேரும் தலையை ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டே வராங்க. எதிர்ப்படையும் அப்படியே வருது. போருக்கு வராங்களா, வைத்தியர்கிட்ட வராங்களா?"

போன் வைத்த பிறகு எல்லோரும் திரையைப் பார்த்தோம். நான் நன்றாகத்தான் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. காளிராஜ் பார்த்தான், நேராகத்தான் இருக்கிறது என்றான். பாய் மட்டும் கீழே போய் இரும்பு ஸ்கேலை எடுத்து வந்தார். அச்சில் நாலு நிறமும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண் அவருக்கு. முதல் சிப்பாய் மேல் ஸ்கேலை நிறுத்தினார். தலை ஸ்கேலை விட்டு ஒரு பக்கமாகப் போய்விட்டது.

"விலகித்தான் இருக்கு," என்றார். பிறகு ஸ்கேலைக் கொண்டுவந்து என் மேல் நிறுத்தினார். "நாகையா, நீரும் விலகித்தான் இருக்கீரு."

விஷயம் இதுதான். வண்டி மேலே நிற்கிறவன் பண்டலை வலது தோளுக்குத்தான் கொடுப்பான். இடது தோளைக் காட்டினால் பண்டல் காலில் விழும். பண்டல் வலது தோளில் ஏறினால் தலை இடது பக்கம் ஒதுங்கத்தானே வேண்டும்? ஒதுங்கி ஒதுங்கி அங்கேயே நின்றுவிட்டது. எங்கள் தெருவில் லோடுமேன்கள் அத்தனை பேரும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து அதையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது கோணலாகத் தெரியவில்லை. மனுசன் நடக்கிற நடை என்றால் அவளுக்கு அதுதான்.

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலியிலிருந்து வழுக்கி, மேசைக்கு அடியில் போய்ச் சிரித்தாள். "நாலாயிரம் நாகையாண்ணே," என்றாள். காளிராஜும் சிரித்தான். அவனை அப்புறம் கவனித்துக்கொண்டேன்.

கடைசி வெள்ளிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். தலையை மட்டும் நேராக்கினால் போதாதாம். தலை நேரானால் தோள் கோணலாகத் தெரியும், தோள் நேரானால் இடுப்பு. புதுசாக ஒரு நடை வேண்டும். நேராக நடக்கிற ஒரு ஆள் வேண்டும்.

சிவகாசியில் நேராக நடக்கிற ஆளைத் தேடிப் பாருங்கள், தெரியும். காளிராஜ் அச்சு மிஷின் பக்கத்தில் நின்றே பழகியவன், ஒற்றைக் காலில் ஊன்றி மறு காலை இழுத்துக்கொண்டு வந்தான். பட்டாசுக் கம்பெனியில் தரையில் உட்கார்ந்தே வேலை பார்க்கிற நாலு பேரைக் கூட்டி வந்தோம். நடக்கும்போதும் பாதி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு போலீஸ்காரரைக் கெஞ்சிக் கூப்பிட்டாள். வயிறு முதலில் வந்தது, மற்றதெல்லாம் பின்னால் வந்தது. பாய் தானாகவே நடந்து காட்டினார். கீழே தாள் வீணாகக் கிடக்கிறதா என்று தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடைசியில் தஹ்மீனா கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுத் தானே நடந்தாள். கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பார்த்துப் பார்த்து, கழுத்து கோழி மாதிரி முன்னே நீண்டிருந்தது. படத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் படை இரை பொறுக்கப் போவுதுண்ணே," என்றாள். ஆனால் இப்போது அவள் சிரிக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாளைக்கு லேபிள் பைல்களைத் திறக்க வேண்டியதுதான் என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரி வீரலட்சுமி தெருமுனையில் திரும்பினாள். எங்களுக்கு அச்சங்குளம் பக்கம் கொஞ்சம் தோட்டம் உண்டு. கத்தரிக்காய் பறித்தால், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு வருவாள். வருகிற வழியில் எனக்குச் சோற்றுவாளியைக் கொடுத்துவிட்டுப் போவாள். தலையில் பெட்டி, கை இரண்டும் வீசுகிறது, கழுத்து அசையவில்லை. எதிரே ஆட்டோ வந்தது. ஆட்டோதான் ஒதுங்கியது.

தஹ்மீனா என் கையைப் பிடித்தாள். "அண்ணே, அது மதினிதானே?"

"அவதான்."

"இத்தனை வருசமா இந்த நடையை வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டா என்னையப் படுத்துனீக?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் கீழே தெருவில் நின்றாள். எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை.

"மதினி, கொஞ்சம் மேல வாங்க."

"எதுக்குத்தா?"

"நடக்க."

"நடந்துதானே வாரேன்."

"மேல வந்து நடங்க மதினி. ஒங்களைப் படையா ஆக்கப் போறேன்."

வீரலட்சுமி மாடியில் நின்ற என்னைப் பார்த்தாள், கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் தூக்கி. "இந்த மனுசன் ஏதும் சொல்லிக் குடுத்தாரா?"

"நான் ஒண்ணும் சொல்லல," என்றேன்.

மாடிக்கு வந்தாள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நடக்கச் சொன்னாள் தஹ்மீனா. சும்மா நடந்தால் வீரலட்சுமியும் நம்மைப் போலத்தான். கூச்சத்தில் கால் பின்னிக்கொண்டது. "பெட்டி இல்லாம எனக்கு நடக்க வராதுத்தா," என்றாள். பெட்டி திரும்பத் தலைக்கு ஏறியது. உடனே அம்மன் வந்து இறங்கியது போல ஆயிற்று. இந்த ஓரம், அந்த ஓரம், பிறகு பக்கவாட்டில். கையில் மூங்கில் கம்பைக் கொடுத்தபோது, அதைத் துப்பாக்கி மாதிரிப் பிடிக்கவில்லை, என்னை அடிக்கிற மாதிரிப் பிடித்தாள். அதுவே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள் அந்தப் பிள்ளை.

அன்றைக்குக் காய் விற்கவே இல்லை. பிரஸ்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் வீரலட்சுமி தானாகவே வந்து திரையில் பார்த்தாள். சிவப்புச் சட்டை போட்ட சிப்பாய் ஒருத்தன் நிமிர்ந்து நடந்து வந்தான்.

"பெட்டி எங்க?"

"எடுத்துட்டேன் மதினி."

"காயை என்ன செஞ்ச?"

எனக்கு வேறு கவலை. "பாப்பா, இடுப்பு கொஞ்சம் ஆடுதே," என்றேன்.

"ஆடட்டும்ணே. வாள் கட்டுன இடுப்பு ஆடத்தானே செய்யும்."

நடை சரியாகிவிட்டது. இனி கம்ப்யூட்டர்தான் ஒவ்வொரு படமாக வரைந்து முடிக்க வேண்டும். அது மூன்று நாள் வேலை. நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மின்சாரம் போனால் தாங்க பேட்டரி இருந்தது. மனுசர்கள் வந்தால் தாங்க பாய்தான் இருந்தார்.

வந்தது அய்யாதுரை. பட்டாசுக் கம்பெனி முதலாளி, பாயின் பழைய பார்ட்டி. புஸ்வாண லேபிளில் நிறம் மாற்ற வேண்டும், இன்றைக்கே, இப்போதே என்று மாடிப்படி ஏறினார். பாய் குறுக்கே நின்றார். நான் பின்னால் நின்றேன். மிஷினைக் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அய்யாதுரையை அனுப்பிவிட்டுத் தொழில் செய்ய முடியாது.

"இப்ப முடியாது," என்றார் பாய்.

"ஏன், ரிப்பேரா?"

"யுத்தம் நடக்குது."

அய்யாதுரை பாயின் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை என்று தெரிந்துகொண்டு, தலையை மட்டும் அறைக்குள் நீட்டினார். நீட்டிய தலையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உடம்பும் உள்ளே போனது. தஹ்மீனா அதுவரை வரைந்து முடிந்திருந்ததை ஓட்டிக் காட்டினாள். பீரங்கி வெடித்தது, கோட்டைச் சுவர் சரிந்தது.

"புகை ஜாஸ்தி," என்றார் அய்யாதுரை. "இம்புட்டுப் புகை வந்தா என் சரக்கை எவன் வாங்குவான்?"

"இது பீரங்கி மாமா."

"அதனால என்ன? பேரு கெட்டுப் போகும்லா." பிறகு இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. போகும்போது படியில் என்னிடம், "லேபிள் சனிக்கிழமை போதும். அந்தச் செவப்புச் சட்டைக்காரன் எந்த ஊருய்யா? என்னமா நடக்கான்," என்றார். நான் இருமினேன்.

வியாழக்கிழமை பஸ்ஸில் சிடி போனது. மறுநாள் ஆடிக் கடைசி வெள்ளி, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஊரே நடந்துகொண்டிருந்தது. பிரஸ் லீவு. நானும் வீரலட்சுமியும் கோயிலுக்குக் கிளம்ப வேண்டியது. அவள் மஞ்சள் சேலை கட்டி, பிரஸ் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என் படை என்ன ஆச்சுன்னு தெரியாம நான் எங்கன போக?"

போன் அடிக்காமல் கிடந்தது. சம்சாத் டீ போட்டுக் கொடுத்தார். ரெண்டாவது டீயும் கொடுத்தார். பாய் லேபிள் மாதிரிகளை மேசையில் பரப்பி அடுக்கினார், கலைத்தார், திரும்ப அடுக்கினார். தஹ்மீனா நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டு, பென்சிலுக்கு வந்திருந்தாள். மதியச் சோற்று நேரத்துக்குப் போன் அடித்தது.

"தஹ்மீனா, யாரை நடக்கவெச்ச?" என்றார் சொர்ணலட்சுமி.

"ஏன் மேடம்? இப்பவும் கோணலா?"

"கோணலா? நானும் எடிட்டரும் எழுந்து நின்னு பார்த்தோம். ராஜ பரம்பரை மாதிரி இருக்கு. நாடகத்துல நடிக்கிறவரா? அவரை ஒரு தடவை கேமரா முன்னாடி பேசவைக்கணும்."

"இங்கனதான் இருக்காக மேடம். கத்தரிக்கா விக்காக."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது, சென்னையில் நாற்காலி விழுந்தது எங்களுக்குக் கேட்டது. சிரித்து முடித்து, "பன்னிரண்டும் நீதான் பண்ற," என்றார் அந்த அம்மா.

தஹ்மீனா கத்தவில்லை, குதிக்கவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பாய் லேபிள்களையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்கத்தா போறீக?"

"மதுரைக்கு. லேபிளுக்குப் பழைய மிஷின் ஒண்ணு கிடைக்குமானு பாக்கேன். இதுல இனிமே யாரும் கை வைக்கக் கூடாது." வாசலில் நின்று சொன்னார், "நாகையா, நீரும்தான்."

நான் எப்போது கை வைத்தேன்?

படம் டிவியில் வந்த அன்று, பேப்பர் பண்டல்களை அடுக்கி அதன் மேல் டிவியை வைத்தோம். தெருவே வந்துவிட்டது. படை வந்ததும் வீரலட்சுமி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். வெள்ளைக்காரப் படை நடந்தது. எதிரே கோட்டைக்குள்ளிருந்து பாளையக்காரர் படை கிளம்பி வந்தது.

"ரெண்டு பக்கமும் நான்தானா?"

"ஆமா மதினி."

"அப்ப செத்தது யாரு?"

"நீங்கதான்."

"ஜெயிச்சது?"

"அதுவும் நீங்கதான்."

"அப்படின்னா சரி," என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் எழுத்து ஓடியது. கிராபிக்ஸ், தஹ்மீனா, சிவகாசி என்று சம்சாத் உரக்கப் படித்தார். அது ஓடி மறைந்து விளம்பரம் வந்த பிறகும் படித்துக்கொண்டிருந்தார்.

ரெண்டாவது பாகத்தில் யானைப்படை. யானைக்கு எங்கே போவது? கோயில் யானையைப் படம் பிடித்தாள். அது நின்ற இடத்திலேயே அசைந்துகொண்டிருந்ததே தவிர நடக்கவில்லை. ஒரு மத்தியானம் பண்டல் கணக்குக் கேட்க மொட்டைமாடிக்குப் போனேன். அலி அக்பர் பாய் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கையை மூக்குக்கு நேரே தொங்கவிட்டு, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஆடி ஆடி வந்துகொண்டிருந்தார்.

"தும்பிக்கையை இன்னும் கொஞ்சம் இறக்குங்கத்தா," என்றாள் தஹ்மீனா, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இறக்கினா குனியணும். இடுப்பு புடிக்குது."

"யானைக்கும் அப்படித்தானத்தா இருக்கும்."

கீழே அய்யாதுரை குரல் கேட்டது. லேபிள் என்னாச்சு என்று கேட்டுக்கொண்டே படியேறினார். நான் எட்டிப் பார்த்து, பாய் வேலையாக இருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்றேன். பாய் திரும்பவில்லை. கையை வீசி இல்லாத தும்பிக்கையால் இல்லாத கோட்டைக் கதவை ஒரு இடி இடித்துவிட்டு, "சரியா இருந்துச்சா, இன்னொரு தடவை வரவா?" என்று மகளைக் கேட்டார்.